பழைய தொட்டிக்குள் அறுபது ஏக்கர்

"நாகர்கோவிலில் வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குக் கட்டிய தொட்டி பெருகாதே! பக்கத்தில் ஒரு சென்ட் இடமும் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள்?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் மாவட்டத்தில் இது நியாயமான கேள்வி. வயலையும் குளத்தையும் நிரப்பித் தொட்டி கட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். பக்கத்திலுள்ள சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல்தான், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

சல்லடை, மணல் தொட்டி, படிவுத் தொட்டியெல்லாம் பள்ளியில் படித்தவைதான். முக்கிய வேலை காற்றூட்டும் தொட்டியில் நடக்கிறது. கரிமக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கோ அதற்கு ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஊர் பெருத்து நீர்வரத்து கூடினால், அவை பெருகுவதற்குள் அடித்துச் செல்லப்படும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை; மழைநீரும் சாக்கடையில் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்புறம் அம்மோனியா அப்படியே ஆற்றுக்கு வரும். மீன்களுக்கு அது நஞ்சு.

குளத்துப் படித்துறையில் கால் வழுக்குகிறதே, அந்த வழுவழுப்பில்தான் தீர்வு இருக்கிறது. நுண்ணுயிர்கள் பசையைச் சுரந்து கல்லில் ஒட்டிக்கொண்டு வாழும் படலம் அது. எத்தனை வெள்ளம் வந்தாலும் எளிதில் போகாது. ஓடும் தண்ணீருக்குத் தோஷமில்லை என்று சொல்லி, நம்மூர்ப் பழையாற்றில் சாக்கடை கலப்பதைப் பொறுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆற்றைச் சுத்தம் செய்வதில் பெரும்பங்கு இந்த நுண்ணுயிர்களுடையது. அவற்றின் பசிக்கும் எல்லை உண்டு.

1980களின் இறுதியில் நார்வே ஆய்வாளர்கள் இந்தப் படலத்துக்கு மிதக்கும் வீடு கட்டிக் கொடுத்தார்கள். விரல் நகமளவு பிளாஸ்டிக் வளையம், உள்ளே குறுக்குச் சுவர்கள். தண்ணீரைவிடச் சற்றே எடை குறைவு என்பதால், அடியிலிருந்து காற்று ஊதினால் தொட்டி முழுவதும் சுழலும். வளையங்கள் ஒன்றோடொன்று உரசுவதால் வெளிப்புறம் சுத்தமாகவே இருக்கும். உட்சுவரில் பழுப்பு நிறப் படலம் படரும். மேலடுக்கில் வேகமாகப் பெருகுபவை, அடியில் பத்திரமாக நிதானக்காரர்கள். படலம் தடித்தால் அடியில் இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டாது. ஆனால் மிஞ்சியதைச் சுழலும் நீரே உரித்துக் கொண்டுபோய்விடும். இந்த ஏற்பாடு எனக்குச் சலிப்பதே இல்லை.

ஒரு கன மீட்டர் வளையத்தில் ஏறத்தாழ 500 சதுர மீட்டர் உட்பரப்பு கிடைக்கிறது. பத்து லட்சம் லிட்டர், அதாவது ஆயிரம் கன மீட்டர் தொட்டியில் பாதியை நிரப்பினால் 2.5 லட்சம் சதுர மீட்டர், அதாவது அறுபது ஏக்கருக்கும் மேல்! தொட்டியின் சுவர் ஓர் அடிகூட நகரவில்லை.

வளையத்தைக் கொட்டினால் மட்டும் போதாது. அவை வெளியேறாமலிருக்கச் சல்லடை வேண்டும். வலுவான காற்றூதிகளும் வேண்டும். அம்மோனியாவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனை மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பத்தில் பாக்டீரியாக்கள் வேகமாக வளரும் என்பது நமக்குச் சாதகம். குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்தால் இரண்டுமே பிசகும். நாகர்கோவில் கழிவுநீரை வைத்தே ஒரு சிறிய மாதிரித் தொட்டியை இரண்டு மழைக்காலமும் ஓட்டிப் பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். கோடிக்கணக்கில் போகும் கட்டுமானச் செலவில் அது மிகச் சிறிய பங்கு.