விளைதிறன்: செம்புச் சுரங்கத்தில் எதை அளக்கிறார்கள்?

ப்ரொடக்டிவிட்டி என்பதை நம் பாடநூல்களும் செய்தித்தாள்களும் உற்பத்தித்திறன் என்று எழுதுகின்றன. அதற்கு விளைதிறன் என்ற சொல்லைத்தான் நான் விரும்புகிறேன்; ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இங்கே ஆந்திராவின் குப்பம் ஊரில் கைக்கு வரும் தெலுங்குப் பத்திரிகையில் அதுவே உத்பாதகத. இரண்டுக்கும் வேர் வடமொழியின் உத் + பத். எழுவது, தோன்றுவது என்று பொருள். ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, அங்கே 'முன்னே கொண்டுவருதல்'.

உற்பத்தி வேறு, உற்பத்தித்திறன் வேறு. ஒரு நாடு ஆண்டுக்கு எத்தனை டன் செம்பு எடுத்தது என்பது உற்பத்தி. அதை எடுக்கப் போன ஆள், நேரம், எந்திரம், மின்சாரம் ஆகியவற்றால் வகுத்தால் கிடைப்பது உற்பத்தித்திறன். ஆளை மட்டும் வைத்து வகுத்தால் தொழிலாளர் உற்பத்தித்திறன். எல்லா இடுபொருளையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தக் காரணி உற்பத்தித்திறன்.

சரி, இதில் என்ன சிக்கல்? 'திறன்' என்றதும் வேலை செய்பவரின் திறமைதான் மனதில் வருகிறது. சுரங்கத்தில் அந்த எண்ணை முதலில் ஆட்டிவைப்பது தாதுத் தரம், அதாவது பாறையில் செம்பு எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பது. 1 விழுக்காடு செம்பு உள்ள தாதுவில் சேதாரமே இல்லை என்று வைத்துக்கொண்டால், 1 டன் செம்புக்கு 100 டன் தாதுவை வெட்டி அரைக்க வேண்டும். தரம் 0.7 ஆக இறங்கினால் 143 டன். அதே ஆள், அதே லாரி, அதே உழைப்பு; ஆனால் ஏட்டில் தலைக்கு எத்தனை டன் செம்பு என்ற கணக்கு 30 விழுக்காடு சரிந்திருக்கும்.

கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இது புத்தகச் செய்தி இல்லை. 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டபோது ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம்தான் மிஞ்சியிருந்தது. கூண்டில் இறங்கியவர்கள் கை தளர்ந்ததால் வந்த சரிவு அல்ல அது.

உலகச் செம்பில் ஏறத்தாழ கால் பங்கைத் தரும் சிலியிலும் இதே கதைதான். 1971இல் பெருஞ்சுரங்கங்களை நாட்டுடைமையாக்கி, 1976இல் கோடெல்கோ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பழைய சுரங்கங்களில் தரம் குறைந்துகொண்டே வந்தது. பள்ளம் ஆழமாக ஆக, லாரி ஏறி வரவேண்டிய தூரமும் கூடியது. சுக்கிகமாத்தா என்ற மாபெரும் திறந்தவெளிச் சுரங்கம் 2019இல் நிலத்தடிக்கு மாறியது. அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2017இல் செம்புச் சுரங்கங்களைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டது. தரம் குறைந்ததன் பங்கைப் பிரித்து எடுத்தால்தான் நிர்வாகக் குறை எவ்வளவு என்று தெரியும். அதற்காகவே செம்பின் அளவோடு, ஒரு மணி நேர உழைப்புக்கு எத்தனை டன் பாறை நகர்ந்தது என்றும் அளக்கிறார்கள்.

இதனால்தான் எனக்கு விளைதிறன் என்ற சொல் பிடிக்கிறது. விளை என்ற வினைக்குள் மண்ணும் அடக்கம். காணிக்கு இத்தனை மூட்டை விளைந்தது என்றால் உழவர் கையோடு மண்ணையும் தண்ணீரையும் சேர்த்தே யாரும் நினைப்பார்கள். உற்பத்தித்திறன் தவறான சொல் இல்லை, பழகியும் விட்டது. ஆனால் சுரங்கத்தைப் பற்றி எழுதும்போது விளைதிறனே பொருந்தும்.

உலோகத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். தாமிரம் வடமொழி, செம்பு செம்மையிலிருந்து வந்த நம் சொல். தெலுங்கில் இந்த உலோகம் ராகி; அவர்கள் செம்பு என்று சொல்வது பாத்திரத்தை. எங்கள் பக்கம் ராகிச் செம்பு என்றால் தண்ணீர் வைக்கும் செம்புப் பாத்திரம்.

அப்புறம், எந்தத் தலையை எண்ணினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சிலியின் செம்புச் சுரங்கங்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களை விட்டுவிட்டு நிரந்தர ஊழியரால் மட்டும் வகுத்தால், ஒரு கிராம் செம்பு கூடாமலே விளைதிறன் ஏறிவிடும். அதனால் தமிழில் எழுதும்போது 'தொழிலாளர் விளைதிறன்' என்று மொட்டையாக நிறுத்தாமல், 'ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து, ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு இத்தனை டன் செம்பு, தாதுத் தரம் இவ்வளவு' என்று எழுதுங்கள்.