நிக்சன் நாடாவில் அழிந்த பதினெட்டரை நிமிடங்கள்

வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் 1972 ஜூன் 17 அன்று பிடிபட்டார்கள். மூன்று நாள் கழித்து அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய தலைமை உதவியாளர் ஹால்டெமனும் பேசியது, அதிபரே ரகசியமாக வைத்திருந்த ஒலிப்பதிவு நாடாவில் பதிந்தது. நீதிமன்றம் கேட்டபோது அந்த நாடாவின் நடுவே பதினெட்டரை நிமிடங்களுக்கு வெறும் ரீங்காரம்தான் இருந்தது.

தட்டச்சுக்காக நாடாவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்ததாகவும், நாடாவை இயக்கும் பெடலில் கால் இருக்கக் கை தவறிப் பதிவு விசையை அழுத்திவிட்டதாகவும், அதுவும் ஐந்து நிமிடம் போலத்தான் இருக்கும் என்றும் நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ் சொன்னார். வாட்டர்கேட் வழக்கை விசாரித்த நீதிபதி சிரிக்கா ஆறு வல்லுநர்களிடம் நாடா ஆராயப்படும்படி செய்தார்.

நாடாவின் மேற்பூச்சில் இருக்கும் இரும்பு ஆக்சைடு துகள்களின் காந்தத் திசைகளே ஒலியாகின்றன. பதிவு விசையை அழுத்தினால் முதலில் அழிப்புமுனை பழைய காந்த வரிசையைக் கலைக்கிறது. அதை அடுத்துள்ள பதிவுமுனை புதியதை எழுதுகிறது. பேச்சே இல்லாவிட்டாலும் மின்கம்பியிலிருந்து கசியும் 60 ஹெர்ட்ஸ் அதிர்வு பதிவாகிவிடும். அந்த ரீங்காரம் அப்படி வந்ததுதான்.

பதிவை நிறுத்தும் கணத்தில் இரு முனைகளும் நாடாவில் ஆளுக்கொரு தழும்பை விட்டுச் செல்கின்றன. நுண்ணிய காந்தத் துகள்கள் மிதக்கும் திரவத்தை நாடாவில் தடவினால், தழும்புகள் மெல்லிய கோடுகளாகக் கண்ணுக்கே தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கருவிக்குக் கருவி வேறுபடும். அந்த அளவும் தழும்பின் வடிவமும் வுட்ஸ் பயன்படுத்திய ஊஹர் 5000 ஒலிப்பதிவுக் கருவியோடு பொருந்தின. ரீங்கார அலையின் சீரும் இடையிடையே அறுந்திருந்தது. குறைந்தது ஐந்து முறை, ஒருவேளை ஒன்பது முறை வரை, தனித்தனியாக அழித்திருக்கிறார்கள் என்று குழு கண்டது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு தடயம். விசைப்பலகையைக் கையால் இயக்கினால் மட்டுமே திறந்து மூடும் ஒரு சுவிட்சின் துடிப்பு நாடாவில் இருந்தது. பெடலை மிதிப்பதால் அது வராது. ஒரு தடவை கை தவறியது என்ற கதை இங்கே உடைந்தது.

ஆனால் விசையை அழுத்திய கை யாருடையது என்பதைக் காந்தத் துகள்களால் சொல்ல முடியவில்லை. இந்த அழிப்புக்காக யார் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. நிக்சனை வீழ்த்தியது அழியாத நாடாக்கள். அதிபரின் உரையாடல்களுக்கு ரகசியக் காப்பு உண்டு, ஆனால் குற்ற வழக்குக்குத் தேவையான சாட்சியத்தை அதைக் காட்டி மறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1974 ஜூலை 24 அன்று 8-0 எனத் தீர்ப்பளித்தது. நிக்சனே நியமித்த மூன்று நீதிபதிகள் அந்த எட்டுப் பேரில் இருந்தார்கள் என்பதை மறக்கவே கூடாது. எஃப்.பி.ஐ. விசாரணையை சி.ஐ.ஏ.வைக் கொண்டு தடுக்க நிக்சன் ஒப்புக்கொண்ட 1972 ஜூன் 23 உரையாடல் 1974 ஆகஸ்ட் 5 அன்று வெளியானது. நாடாளுமன்றத்தில் பதவிநீக்க வாக்கெடுப்பு வருமுன் ஆகஸ்ட் 9 அன்று அவர் விலகினார். அடுத்த மாதமே புதிய அதிபர் ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கியதால், நிக்சன் மீது குற்ற வழக்கே நடக்கவில்லை.

அதிபரின் ஆவணங்கள் அவருடைய சொந்தச் சொத்து என்ற பழைய வழக்கத்தை 1978ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றி, அவற்றை மக்களின் உடைமையாக்கியது. ஜூன் 20 நாடா இப்போது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அழிந்த பேச்சைப் புதிய தொழில்நுட்பத்தால் மீட்க முடியுமா என்று காப்பகம் சோதனை நாடாக்களில் முயன்று பார்த்தது. முடியாது என்று 2003இல் அறிவித்தது.