பாதிரியார் கண்ட தொடக்கம்

பிரபஞ்சம் மிகச் சூடான, அடர்ந்த ஒரு நிலையிலிருந்து விரிந்து வந்தது என்னும் பெருவெடிப்புக் கொள்கைக்கு முதல் உருவம் கொடுத்தவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர். வேதாகமத்தின் படைப்புக் கதையான ஆதியாகமத்தை இயற்பியலுக்குள் நுழைக்கிறாரோ என்று சந்தேகப்பட்ட விஞ்ஞானிகள் உண்டு. ஆனால் அவர் தொடங்கிய இடம் வேதாகமம் இல்லை, ஒளி.

ஹைட்ரஜன் தன் ஒளியில் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் கோடுகளைப் பதிக்கும். அவற்றில் ஒன்று 656 நானோமீட்டர். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளியில் அதே கோடு சிவப்புப் பக்கமாகத் தள்ளித் தெரிகிறது. இதுதான் செம்பெயர்ச்சி. ஒளி நம்மிடம் வந்து சேரும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் விண்வெளி விரிந்துகொண்டே போகிறது. ஒளியலையும் அதோடு சேர்ந்து இழுபடுகிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து 1927-இல் லெமைத்ர் இதை வருவித்தார். கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்றார் ஐன்ஸ்டைன். 1929-இல் வானியலாளர் எட்வின் ஹப்பிளின் அளவீடுகள் வெளிவந்தன: விண்மீன் மண்டலங்களின் தூரம் கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது. 1931-இல் லெமைத்ர் இந்த விரிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, எல்லாம் ஓர் 'ஆதி அணு'வில் அடங்கியிருந்த நிலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சரி, இது கடவுளின் படைப்புக்கு அத்தாட்சியா? 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏறக்குறைய அப்படித்தான் பேசினார். லெமைத்ருக்கு அதில் உடன்பாடில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இந்த நிதானத்தால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு.

அவர் சொன்னது தப்பித்துக்கொள்ளும் பேச்சும் இல்லை. இயற்பியல் சமன்பாடு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு எப்படிப் போவது என்று சொல்லும். எவ்வளவு பின்னால் போனாலும் அதற்கு ஆற்றலோ விதியோ ஏதாவது ஒன்று கையில் இருந்தாக வேண்டும். ஆதி அணுவும் 'ஏதோ ஒன்று'தான், சூனியம் இல்லை. கிறிஸ்தவ இறையியல் படைப்பு என்று சொல்வது வேறு: எதுவுமே ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கான பதில் அது. உலகத்துக்குத் தொடக்கமே இல்லாவிட்டாலும் அது கடவுளைச் சார்ந்தே இருக்க முடியும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டார். காலமே உலகத்தோடு சேர்ந்து படைக்கப்பட்டது என்று அவருக்கும் முன்பே இன்னொரு இறையியலாளரான அகுஸ்தீன் எழுதியிருந்தார்.

மோதலே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேதாகம வம்சவரலாறுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004-இல் உண்டானது என்றார் 17-ஆம் நூற்றாண்டின் பேராயர் ஜேம்ஸ் அஷர். இன்றைய அளவீடு 1,380 கோடி ஆண்டுகள். இந்த இரண்டையும் ஒட்ட வைக்க வழியில்லை.

அப்புறம் 1965-இல், வானமெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த செய்தி வெளியானது. கொதித்துக் கிடந்த ஆரம்பப் பிரபஞ்சத்தின் அதே ஒளிதான் விரிவில் இழுபட்டு இழுபட்டு, இன்று 2.7 கெல்வினுக்கு, அதாவது சுமார் -270 டிகிரி செல்சியஸுக்கு, ஆறிப்போயிருக்கிறது. நோயில் படுத்திருந்த லெமைத்ரிடம் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். 1966 ஜூனில் அவர் இறந்தார்.