வாழை எடுக்காத யூரியா எங்கே போகிறது?

திருவட்டார் பக்கம் ஓர் ஏலாவில் மண் பார்க்கப் போயிருந்தேன். முன்பு நெல் விளைந்த வயல். இப்போது பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்திருக்கிறார்கள். "இலை கறுகறுன்னுதான் நிக்கு சாரே, குலைதான் தேறல்ல" என்றார் வாழை வைத்தவர். ஒரு வாழையின் மூட்டில் சாண் ஆழம் தோண்டினோம். வெள்ளையாக நீண்டு ஓட வேண்டிய வேர்கள் நுனி கருகி, குட்டையாக நின்றுவிட்டிருந்தன. கையில் அள்ளிய மண்ணில் ஒரு மண்புழு இல்லை. மண்ணின் அமிலத்தைக் காட்டும் பி.எச். 4.6; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் செம்மண்ணுக்கு இயல்பிலேயே அமிலத்தன்மை உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே பெய்து, மண்ணின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகின்றன. அதன்மேல் அளவில்லாமல் யூரியா விழும்போது, நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகிற வேலையிலேயே இன்னும் அமிலம் சேர்கிறது. பி.எச். 6 ஆக இருந்த மண் 5 ஆனால், அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். 5.5-க்குக் கீழே மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். போட்ட மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்ளும், வாழைக்கு விடாது. குலை சிறுத்ததைப் பார்த்தவர் உரம் போதவில்லை என்று நினைத்து அடுத்த சாக்கைப் பிரிக்கிறார். எனக்குப் பொறுக்க முடியாதது இந்த இடம்தான்.

பாட்டக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நகையை அடகு வைத்துப் பாட்டப் பணம் கட்டியவருக்கு இந்த ஒரு குலைதான் கணக்கு. அடுத்த வருடம் இதே மண் அவர் கையில் இருக்குமா என்பதே தெரியாது.

45 கிலோ யூரியாச் சாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. வாழை எடுத்தது போக மீதி நைட்ரேட்டை மண்ணால் பிடித்து வைக்க முடியாது. மழைநீரோடு கீழே இறங்கிவிடும். விளை (தோட்டம்) ஓரத்துக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய் உதடும் நகமும் நீலம் பாயும். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

கிணற்றுக்கு இறங்காதது வடிகால் வழியே குளத்துக்குப் போகிறது. ஆகாயத்தாமரையும் பாசியும் அந்த உரத்தில்தான் கொழுக்கின்றன. பாசி அழுகும்போது தண்ணீரின் ஆக்ஸிஜன் தீர்ந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களும் வயல் சூழ்ந்தவைதான்.

அந்த ஏலாவில் முதலில் யூரியாவை நிறுத்தச் சொன்னேன். மண் பரிசோதனை சொன்ன அளவுக்குச் சுண்ணாம்பும், மக்கிய சாணமும் இட்டு, அதன் பிறகே உரம். அதையும் பல தவணையாகப் பிரித்து, கனமழைக்கு முன் வீசாமல்.

கன்று வைக்கும் முன்பே பரிசோதனைக்கு மண்ணோடு வாருங்கள். விளையில் பல இடத்தில் சாண் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ போதும். உரச்சாக்கில் அள்ளி வந்துவிடாதீர்கள், ஒட்டியிருக்கும் உரத்தால் கணக்கு தப்பிவிடும். கூடவே கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலும் கொண்டுவாருங்கள்.