1/2000 வைத்தும் ஜெட் ஏன் கலங்குகிறது?

கோவை அருகே சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் பல்லடம், சோமனூர் பக்கம் தலைக்கு மேல் போர் விமானம் போவது புதிதல்ல. 2024 ஆகஸ்டில் ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்களும் அங்கே வந்தன. ஆனால் விமானக் காட்சியில் அணிவகுப்பை எடுத்தால், ஷட்டர் 1/2000 வினாடிதான் திறந்திருந்தும் பலருக்குப் படம் கலங்கிவிடுகிறது.

கணக்குப் போடுவோம். மணிக்கு 540 கி.மீ. என்றால் வினாடிக்கு 150 மீட்டர். 1/2000 வினாடிக்குள் ஜெட் 7.5 செ.மீ. நகர்ந்துவிடும். ஒரு கி.மீ. தூரத்தில் 400 மி.மீ. லென்ஸில் அது சென்சார்மேல் 0.03 மி.மீ.; 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் (36 மி.மீ. அகலச் சென்சார்) ஐந்து பிக்சல். வாலில் எழுதிய எண் கலங்க இதுவே போதும்.

மருந்து பேனிங்தான், அதாவது ஜெட்டோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது. அந்தத் தூரத்தில் கேமராவை வினாடிக்கு 9 டிகிரிகூடத் திருப்ப வேண்டியதில்லை. பாதத்தை ஜெட் கடந்துபோகும் திசைக்கு வைத்துவிட்டு, வரும் பக்கம் இடுப்பை மட்டும் திருப்பி நில்லுங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். பாதிப் படம் அங்கேதான் கெடுகிறது.

அணிவகுப்பில் ஒன்பது விமானம் வந்தால் எல்லாமே ஃபோகஸில் இருக்குமா என்ற கவலை வேண்டாம். 400 மி.மீ. லென்ஸில், எஃப்/8 துவார அளவில், 700 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 350 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, எஃப்/8, 1/1600 என மேனுவலில் பூட்டிவிடலாம். ஆட்டோவில் விட்டால் வெளிர் வானத்தைப் பார்த்துக் கேமராவின் ஒளிமானி ஏமாந்து, ஜெட் கரிக்கட்டையாகிவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். நிழல் விழுந்தால் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றுங்கள்.

எதிரெதிரே இரண்டு ஜெட் குறுக்கிடுவதுதான் கடினம். நெருங்கும் வேகம் வினாடிக்கு 300 மீட்டர். வினாடிக்கு 10 படம் என்றால் இரு படங்களுக்கு நடுவே 30 மீட்டர் மாறிவிடும். சரியான கணம் சிக்குவது அதிர்ஷ்டம்தான். ஒரே ஜெட்டைப் பின்தொடருங்கள், மற்றது தானாக ஃபிரேமுக்குள் வரும்.

நண்பகலில் ஓடுபாதைமேல் கானல் எழும். அதற்கு எந்த லென்ஸும் உதவாது, காலையில் எடுங்கள்.

சூலூரின் சாரங் ஹெலிகாப்டர் அணிக்கு இதெல்லாம் தலைகீழ். 1/2000 வைத்தால் இறக்கை உறைந்து, ஹெலிகாப்டர் அந்தரத்தில் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று சுழலும் இறக்கை, 1/125இல் 14 டிகிரி நகர்ந்து, சுழல்வது தெரியும்படி இழுபடும். கை பழகும்வரை 1/250.