செல்ஃப் அசெம்பிளி: தன்னொருங்கமைவு

நோயெதிர்ப்பு மண்டலத்தை நெறிப்படுத்தும் உயிரிப்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘செல்ஃப் அசெம்பிளி’ என்பதை, அதாவது மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றுசேர்ந்து ஒழுங்கான வடிவம் பெறுவதை, ‘தானியங்கித் தொகுப்பு’ ஆக்கிவிடுகிறார்கள். அண்மையில் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் ஒரே பக்கத்தில் நான்கு முறை அதைத் திருத்த வேண்டியிருந்தது.

‘ஒருங்கே’ எனப் பொருள்படும் ‘சிமுல்’ என்ற இலத்தீன் சொல்லே ‘அசெம்பிளி’யின் வேர், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது.

தானியங்கி என்றால் பொறி. ஒருவர் முடுக்கிவிட, அது வேறொரு பொருளின்மீது வேலை செய்யும். கியூ11 என்னும் பெப்டைடில் (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலியில்) அப்படி ஏதும் நடப்பதில்லை. 11 அமினோ அமிலங்களாலான அதன் மூலக்கூறுகள் உப்புக் கரைசலில் ஹைட்ரஜன் பிணைப்பாலும் நீர்விலக்குப் பண்பாலும் ஒன்றையொன்று அணைந்து, பீட்டா தகடுகள் எனப்படும் தட்டையான அடுக்கமைப்புகளாகி, நுண்ணிழைகளாக நீள்கின்றன. தொகுதல் தன்வினை, தொகுத்தல் பிறவினை. ‘தொகுப்பு’ என்றதுமே தொகுத்தவர் யார் என்ற கேள்வி எழுகிறது, அதற்கு ‘தானியங்கி’ என்ற ஒட்டு தவறான விடையைத் தருகிறது. சிலர் பரிந்துரைக்கும் ‘தற்சேர்க்கை’ இதைவிட மேல் என்றாலும், மணல் குவிவதும் சேர்க்கைதான். ஒழுங்கான வடிவம் பிறப்பதை அச்சொல் காட்டவில்லை. ‘தன்னொருங்கமைவு’ என்பதில் ‘ஒருங்கு’ இலத்தீன் வேருக்கு நேர் நிற்கிறது, ‘அமைவு’ தன்வினையாகவும் ஒழுங்கைக் குறிப்பதாகவும் இருக்கிறது. நீளம் என்று குறைகூறுவோர் இருமுறை எழுதிப் பார்த்தால் பழகிவிடும்.

அந்த ஒழுங்கு வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. 2010இல் வெளியான ஆய்வொன்றில், முட்டை வெண்கருப் புரதத்தின் சிறு துண்டைக் கியூ11உடன் பிணைத்து எலிகளுக்குச் செலுத்தியபோது, தடுப்பு மருந்தின் விளைவைக் கூட்டச் சேர்க்கும் துணையூக்கி எதுவும் இல்லாமலேயே வலுவான எதிர்ப்பொருள்கள் உருவாயின. அத்துண்டு இழையோடு வேதிப்பிணைப்பால் இணைந்திருப்பது அதற்கு இன்றியமையாததாக இருந்தது. இழை நெடுகத் துண்டுகள் வரிசையாக அமைந்து நிற்பதை விளக்கவேண்டிய இடத்தில் ‘தானியங்கி’ வந்தால், படிப்பவர் கண்முன் ஏதோ கருவிதான் தோன்றும்.

அதே மொழிபெயர்ப்பில் ‘இம்யூனோமாடுலேஷன்’, அதாவது நோயெதிர்ப்பைத் தேவைக்கேற்பக் கூட்டுவதோ குறைப்பதோ, ‘எதிர்ப்பாற்றலை ஊக்குவித்தல்’ ஆகியிருந்தது. தன்னுடல் தாக்கு நோய்களிலும் ஒவ்வாமையிலும் வேண்டுவது எதிர்ப்பை அடக்குவது. கூட்டலுக்கும் குறைத்தலுக்கும் பொதுவாக ‘நெறிப்படுத்தல்’ இருக்கையில், நேர்மாறான பொருள் தரும் சொல்லை நோயாளியும் படிக்கும் கட்டுரையில் அச்சேற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.