டிஸ்டார்ஷன் – ஒலித்திரிபு

வீட்டு ஆடியோ செட்டில் பாட்டு சரியாக வராவிட்டால் அதைச் சொல்ல மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சவுண்டு கிழியுது, பிசிறடிக்குது, கரகரங்குது, இரையுது என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர்கள் என்பதால் மலையாள வாடையோடு ‘கேடாயிட்டு’ என்பதும் உண்டு. பழுது பார்க்கும் கடையில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: டிஸ்டார்ஷன். இதற்குத் தமிழில் ‘ஒலித்திரிபு’ என்பதே சரி என்பேன். கிடைக்கும் மற்றச் சொற்கள் எதுவும் இந்த அளவுக்குப் பொருந்தவில்லை.

முதலில் பொருள். ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு வடிவத்தில் போன ஒலியலை, வெளியே வரும்போது வேறு வடிவம் எடுத்துவிடுவதுதான் டிஸ்டார்ஷன். வடிவம் மாறாமல் அலை பெரிதானால் அது டிஸ்டார்ஷன் ஆகாது. பெரிதாக்குவதுதானே ஆம்பின் வேலை! 1000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு சுரத்தை அனுப்புகிறோம், வெளியே 1000-த்தோடு 2000, 3000 ஹெர்ட்ஸும் சேர்ந்து வருகின்றன என்றால் அலை வடிவம் மாறிவிட்டது. நாம் அனுப்பாத சுரங்கள் அவை.

சொல்லின் வேர் லத்தீன். ‘டார்க்வேரே’ என்றால் முறுக்குவது. ‘டிஸ்’ என்னும் முன்னொட்டு அதைக் கோணல்மாணலாக முறுக்குவது ஆக்குகிறது. பைக் ஓட்டுபவர்கள் பேசும் ‘டார்க்’, நாம் தினமும் சொல்லும் ‘டார்ச்சர்’ இரண்டும் இதே குடும்பம். உடம்பு கோணுவதையும் முகம் கோணுவதையும் குறித்த சொல் பிறகு மின்கம்பிக்குள் நுழைந்தது. தந்தி, தொலைபேசிக் கம்பியில் அலை உருமாறாமல் போக என்ன நிபந்தனை வேண்டும் என்று ஆங்கிலேய மின்னியல் அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு 1887-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்குப் பெயர் ‘டிஸ்டார்ஷன் அற்ற நிலை’.

இனி நம் பக்கம் வருவோம். ‘திரி’ என்பதற்கும் முறுக்குவது என்ற பொருள் உண்டு. விளக்குத் திரி முறுக்கிய பஞ்சு. கயிறு திரிப்பது நாரை முறுக்குவது. ‘நான் சொன்னதைத் திரித்துச் சொல்லிவிட்டான்’ என்கிறோமே, அங்கே ஆங்கிலத்தில் இதே டிஸ்டார்ட்தான் வரும். பால் திரிந்துவிட்டது என்றால் இருந்த தன்மை மாறிவிட்டது என்று பொருள். களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குப் போனால் பாலும் கயிறும் மலையாளத்தில் ‘பிரி’ என்ற ஒரே வினைக்குள் வந்துவிடுகின்றன: பால் பிரிஞ்ஞு, கயர் பிரிக்கல். முறுக்குவதையும் தன்மை மாறுவதையும் ஒரே வினையில் வைக்கும் வழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது. லத்தீன் போன வழியும் அதுதான்.

இன்னும் பழைய சான்று இலக்கணத்தில் உண்டு. புணர்ச்சியில் வரும் மாற்றங்களைத் திரிபு என்று சொல்லும் தொல்காப்பியம், அதை மூன்றாகப் பிரிக்கிறது: மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல். பொன்னும் குடமும் பொற்குடம் ஆவது முதல் வகை. பூங்கொடியில் ஓர் எழுத்து மிகுகிறது. மரவேரில் ஓர் எழுத்து குன்றுகிறது. ஆம்பில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். மின்வழங்கி 35 வோல்ட்தான் தரும் என்றால் அலையின் உச்சி அதற்கு மேல் ஏற முடியாது. அங்கே தட்டையாக வெட்டுப்படும். அது குன்றல். வெட்டுப்பட்ட மூலைகளிலிருந்து அனுப்பாத சுரங்கள் பிறக்கின்றன. அது மிகுதல். கடைசியில் வயலின் வயலினாகவே கேட்பதில்லை. எழுத்துக்குச் சொன்ன பகுப்பு ஒலிக்கும் இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

சிதைவு, உருக்குலைவு என்று எழுதுவோரும் உண்டு. இரண்டும் அழிவைச் சொல்லும் சொற்கள். டிஸ்டார்ஷன் எப்போதும் அழிவு இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார்காரர்கள் காசு கொடுத்து அதை வாங்குகிறார்கள். 1962-இலேயே அதற்கென்று ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற மிதிகருவி விற்பனைக்கு வந்துவிட்டது. பொற்குடத்தில் எழுத்து திரிந்ததை யாரும் பிழை என்பதில்லை. திரிபு என்ற சொல்லுக்கு அந்த நடுநிலை உண்டு. ஒரு சிக்கல், பள்ளி இயற்பியலில் தகைவு, திரிபு என்று ஜோடியாக வரும் இடத்தில் திரிபு வேறொன்றைக் குறிக்கிறது. ‘ஒலி’யை முன்னால் சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

சொல்லைச் சரியாக வைத்துக்கொண்டால் பழுதைத் தேடுவதும் எளிது. கடையில் நடக்கும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

“அண்ணே, சவுண்டு கிழியுது. ஆம்பு கேடாயிட்டு போல.”

“பாட்ட நிப்பாட்டினாலும் கேக்குதா?”

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். பாட்டை நிறுத்திய பிறகும் ‘ம்ம்ம்’ என்றோ ‘உஸ்’ என்றோ கேட்டால் அது இரைச்சல். எர்த்து, வயர், மின்வழங்கி என்று தேட வேண்டும். பாட்டு ஓடும்போது மட்டும் வந்து, பாட்டோடு கூடிக் குறைந்தால்தான் அது ஒலித்திரிபு.

அப்புறம் இடம் கண்டுபிடிக்க வேண்டும். ஆம்பை அணைத்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை ஆம்பின் பின்புறம் மாற்றிச் செருகுங்கள். கோளாறு அதே பெட்டியில் நின்றால் அந்த ஸ்பீக்கரோ அதன் வயரோதான் காரணம். மற்றப் பெட்டிக்குத் தாவினால் ஆம்பிலோ அதற்கும் முன்னாலோ இருக்கிறது. பாட்டை ஆம்புக்குள் கொண்டுவரும் ஆர்சிஏ வயர்களை அதேபோல் மாற்றினால், ஆம்பிலா அதற்கு முன்னாலா என்பதும் தெரிந்துவிடும். இரண்டு பெட்டியிலும் ஒன்றுபோல் கேட்டால் பாட்டையே சந்தேகப்படுங்கள். அதே பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், போனில் ஈக்வலைசர் போட்டு பேஸைத் தூக்கி வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சத்தம் கூட்டினால் மட்டும் கிழிந்தால் பெரும்பாலும் உச்சி வெட்டுப்படுகிறது. மெதுவாக வைக்கும்போதுதான் அதிகம் உறுத்துகிறது என்றால் அது கடப்புத் திரிபாக இருக்கலாம்; அலையின் மேல்பாதியைத் தள்ளும் டிரான்சிஸ்டரிடமிருந்து கீழ்ப்பாதியைத் தள்ளும் டிரான்சிஸ்டருக்குக் கைமாறும் இடத்தில் வரும் தடங்கல்.

ஸ்பீக்கர்தான் என்று தெரிந்தால், மீண்டும் ஆம்பை அணைத்துவிட்டு கோனின் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பின்) நடுமூடியைச் சுற்றி விரல்களைச் சமமாக வைத்து, மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். மணல்தாள் தேய்த்ததுபோல் ‘சர்’ என்று கேட்டால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் காந்த இடுக்கில் உரசுகிறது. கோனின் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். குளச்சல், கொல்லங்கோடு போன்ற கடலோரங்களில் காற்றின் ஈரம் ஃபோம் விளிம்பை வேகமாகக் கெடுத்துவிடும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், பொடியாக உதிரும். கோன் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றலாம், முழு ஸ்பீக்கரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

ஆம்ப் பெட்டியில் ‘டி.எச்.டி.’ என்று அச்சிட்டிருப்பது மொத்தச் சீரிசைத் திரிபு. அனுப்பிய சுரத்தோடு ஒப்பிட்டால், புதிதாக முளைத்த சீரிசைகள் (1000 ஹெர்ட்ஸுக்கு 2000, 3000 போன்ற மடங்குகள்) எல்லாம் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பதே அந்த எண். பெரிய வாட் எண் போட்டு அதன் பக்கத்திலேயே சிறு எழுத்தில் 10% என்று இருந்தால், உச்சி நன்றாக வெட்டுப்பட்ட நிலையில் அளந்த வாட் அது. 1% அல்லது அதற்கும் குறைவான திரிபில் எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள்.